மசோதாவில் மூன்று நட்சத்திரம்

போடி காவல் நிலையத்தில் அதுவரை சைக்கிள் காணாமல் போனதாகப் புகார் வந்திருக்கிறது. காளை காணாமல் போயிருக்கிறது. ஒரு தடவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையே காணாமல் போயிருக்கிறார். ஆனால் சட்டம் காணாமல் போய்விட்டது என்று ஒருவர் புகார் கொண்டுவந்தது 1973-ஆம் வருஷம் ஒரு இரண்டாம் சனிக்கிழமை காலையில்தான்.

"எங்க சட்டத்துல ஒரு துண்டைக் களவாண்டுட்டாக, ஐயா" என்றாள் மலையம்மாள்.

தலைமைக் காவலர் ஒச்சாண்டி பேனாவைக் கீழே வைத்தார். "கதவுச் சட்டமா, கவர்மெண்டுச் சட்டமா ஆத்தா?"

"கதவுன்னா தச்சன்கிட்டப் போயிருக்க மாட்டனா? கவர்மெண்டுச் சட்டந்தான்."

உள்ளே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் எழுந்து வெளியே வந்தார். மெலிந்த ஆள். ஒரு கேள்விக்குப் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறவர். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் தன்னால் ஆகாத வழக்கு ஒன்று இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"உட்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

மலையம்மாளுக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். வருஷத்துக்கு நான்கைந்து மூட்டை காய்த்தால் அதிகம். அந்த மூட்டையைப் போடிக்குக் கொண்டுவந்தால் ஏல மண்டியில் வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளுவார்கள். அதற்கு 'மாதிரி' என்று பெயர். தட்டில் கொட்டி வியாபாரிகளிடம் நீட்டுவார்கள். அவர்கள் தேய்த்துப் பார்ப்பார்கள், கடித்துப் பார்ப்பார்கள். ஏலம் முடிந்ததும் அந்தக் கை ஏலக்காய் மூட்டைக்குத் திரும்பி வராது. நூறு மூட்டைக்காரனுக்கு அது ஒரு பொருட்டில்லை. மலையம்மாள் மாதிரி ஆட்களுக்கு வலிக்கும்.

இதையெல்லாம் ஒழுங்கு செய்ய அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. சட்டசபை அதை எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. குழு ஊர் ஊராக வந்து ஜனங்களைக் கேட்டபோது, வைகை அணை பங்களாவில் மலையம்மாளும் எழுந்து பேசினாள்.

"மாதிரிக்கு எடுத்ததைத் திருப்பித் தரணும்னு சட்டத்துல எழுதுங்கன்னேன். சேர்த்துடுறோம் அம்மான்னு கமிட்டித் தலைவர் தன் வாயால சொன்னாக. மலை பூராவும் நான் அதைச் சொல்லிட்டு வந்தேன்."

"இப்ப?"

"கமிட்டி திருத்தி, மறுபடியும் அச்சடிச்சு, எங்க ஏலத்தோட்டக்காரங்க சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிருக்காக. இன்னிக்குக் காலையில கூட்டத்துல வாசிச்சாக. அந்த இடத்துல எழுத்து இல்ல. மூணு நட்சத்திரம் இருக்கு."

"குழு மனசு மாறியிருக்கலாமே?"

"மாறியிருக்கலாம். அப்ப நான் ஏமாந்தவ. மாறலைன்னா எவனோ களவாண்டிருக்கான். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும் ஐயா. அங்கன எல்லாரும் என்னையப் பொய்க்காரிங்கறாக."

சண்முகராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுக்கிறதுக்கு என்ன அவசரம்? திங்கட்கிழமை சென்னைக்குப் போன் பண்ணினா ஆச்சு."

"திங்கட்கிழமை மசோதாவே இருக்காது!"

அவள் சொன்னதன் சாரம் இது. வாசித்துக் கேட்ட சங்கத்தார் கொதித்துப்போனார்கள். நமக்கு உதவாத மசோதா நமக்கு எதற்கு, வேண்டாம் என்று எம்.எல்.ஏ.வுக்குத் தந்தி கொடுப்பதாகத் தீர்மானம் ஆகிவிட்டது. சங்கம் என்ன சொல்கிறதோ அதையே பேசுவேன் என்று எம்.எல்.ஏ. முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கட்சியின் கூட்டம் இன்று இரவு சென்னையில். ஏலத்தோட்டக்காரர்களே வேண்டாம் என்று தந்தி கொடுத்த பிறகு, அந்த மசோதாவை யார் எடுத்துப் பேசுவார்கள்? தந்தி ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடும். அதற்குள் தந்தி போய்விடும்.

ஒச்சாண்டி ட்ரங்க் கால் போட்டுப் பார்த்தார். தலைமைச் செயலகத்துக்கு இன்று விடுமுறை. எம்.எல்.ஏ. விடுதியில் இல்லை, பொழுது சாயத்தான் வருவார், வந்து தந்தி ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு நேரே கூட்டத்துக்குப் போவார் என்று விடுதிக்காரர் சொன்னார்.

சண்முகராஜ் தொப்பியை எடுத்தார். "ஒச்சாண்டி, எழுதிக்கங்க. காணாமல் போன பொருள், மசோதாவின் ஒரு பகுதி."

"அடையாளம்னு ஒரு கட்டம் இருக்குய்யா. என்ன எழுத?"

"நட்சத்திரம்னு எழுதுங்க."

சங்க அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. பதினோரு மணி வெயிலில் உள்ளே முப்பது பேர் வெந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அச்சக முதலாளி ஜெபமணி. அவருடைய சட்டைக் காலரை ஒரு பெரிய கை பிடித்திருந்தது. கை கருத்தக்கண்ணனுடையது. மலையம்மாளின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரன்.

"ஏலே ஜெபமணி, கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை மாத்துன மாதிரி சட்டத்தையும் மாத்திட்டயா?"

"அது எழுதிக் கொடுத்தவுக தப்புப்பா. காலரை விடு, ஒரே சட்டை."

"விடுங்க" என்றார் சண்முகராஜ். கை விலகியது.

சங்கச் செயலாளர் வைகுண்டராஜ் எழுந்து நாற்காலி போட்டார். அவரைப் போடியில் தெரியாதவர் கிடையாது. செவ்வாய்க்கிழமைகளில் ராஜமணி மண்டியில் ஏலம் கூறுகிறவர் அவர்தான். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் தெருமுனைவரை கேட்கும்.

"கவர் எப்ப வந்துச்சு, செயலாளரே?"

"புதன்கிழமை தபால்ல, சார்."

"யார் பிரிச்சது?"

"நான் பிரிக்கலை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒட்டுன கவரோட அப்படியே ஜெபமணிகிட்டக் கொடுத்தேன். உறுப்பினர்களுக்கு நூறு பிரதி போடச் சொல்லி."

"ஜெபமணி?"

"ஒட்டித்தான் இருந்துச்சு சார். ஆனா பசை ஈரம் காயலை. சோத்துப் பசை மாதிரி இருந்துச்சு. தபால்ல மழைத் தண்ணி பட்டிருக்கும்னு நெனச்சேன்."

"பொய் சொல்றான்!" என்றான் கருத்தக்கண்ணன்.

"நீங்க அடிச்ச நூறு பிரதியிலயும் அந்த இடத்துல குறி இருக்கா?"

"இருக்கு. கொடுத்ததைப் பார்த்துக் கோத்தேன். வந்த பிரதியில ஒரு தாள்ல மட்டும் மை கொஞ்சம் அப்பியிருந்துச்சு. சர்க்கார் அச்சு, நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

சண்முகராஜ் மூலப் பிரதியைக் கையில் வாங்கினார். தனித்தனித் தாள்கள். இடது ஓரத்தில் இரண்டு துளையிட்டு வெள்ளை நூலால் கட்டியிருந்தது. நூலை அவிழ்த்தால் எந்தத் தாளையும் உருவலாம், சொருகலாம். முகப்பில் 'தேர்வுக் குழுவால் திருத்தப்பட்டவாறு' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அதை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"பக்க ஓரத்தில் கோடிட்ட பகுதிகள், குழுவால் புதிதாகச் சேர்க்கப்பட்டவை. நட்சத்திரக் குறி இட்ட இடங்களில், முதலில் அச்சிட்ட மசோதாவில் இருந்த வாசகம் குழுவால் நீக்கப்பட்டுள்ளது."

"அதைத்தான் நானும் சொன்னேன் சார்" என்றார் வைகுண்டராஜ். "நட்சத்திரம்னா எடுத்தாச்சுன்னு அர்த்தம். மலையம்மா கேட்டதைக் கமிட்டி எடுத்துருச்சு. அந்தம்மா மேல தப்பில்ல. பெரிய ஆளுக வாய்ப்பேச்சை நம்பிட்டாக. அம்புட்டுத்தான்."

கூட்டத்தில் ஒருவர் இரக்கமாகத் தலையாட்டினார். மலையம்மாளுக்கு அந்த இரக்கம் பொய்க்காரி என்றதைவிட அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சண்முகராஜ் எட்டாம் பிரிவைப் புரட்டினார். 'மாதிரி எடுத்தல்' என்று தலைப்பு. மூன்று உட்பிரிவுகள். மூன்றாவதற்குக் கீழே, வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அதற்குப் பிறகு ஒன்பதாம் பிரிவு. அந்தத் தாளின் பின்பக்கக் கடைசி வாக்கியம் பாதியில் நின்று, அடுத்த தாளின் முதல் வார்த்தையில் பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தது. நட்சத்திரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு முனை நட்சத்திரங்கள். நடு நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதான். ஒரு முனை மழுங்கிப்போயிருந்தது.

"ஜெபமணி, உங்க அச்சகத்துல நட்சத்திரம் உண்டா?"

"பூதான் சார் உண்டு. நாலு இதழ். நூறு பிரதியிலயும் நட்சத்திரத்துக்குப் பதிலா அதைத்தான் வச்சிருக்கேன், பாருங்க."

வெளியே வந்து, ஜீப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நடக்கும்போது ஒச்சாண்டி குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஜெபமணிதான். அச்சு அவன் கையில. யோசிக்கவே வேண்டாம்."

"நட்சத்திரம் இல்லாதவன் நட்சத்திரத்தை எங்க வாங்கினான்?"

"ஒளிச்சு வச்சிருப்பான்யா."

"இருக்கலாம். இந்த ஊர்ல வேற யார்கிட்ட அச்சு மிஷின் இருக்கு?"

ஒச்சாண்டி நடந்துகொண்டே யோசித்தார். பிறகு நின்றார். "ராஜமணி மண்டியில ஒரு மிதி மிஷின் இருக்குய்யா. ஏலப் பட்டியல் அடிக்க. ஐயா, அப்ப ராஜமணியா? மாதிரி ஏலக்காயைத் திருப்பித் தரணும்னா அவருக்குத்தான நட்டம்!"

"வாங்க, கேட்டுருவோம்."

ராஜமணி மண்டியில் அன்று ஏலம் இல்லை. பெரிய கூடம் காலியாக இருந்தாலும் ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. முதலாளி ராஜமணி பருத்த மனிதர். விசிறி மட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. மசோதா விஷயமா? காலையிலேயே காதுக்கு வந்துருச்சு. என் பேரு எப்ப அடிபடும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"புதன், வியாழன் எங்க இருந்தீங்க?"

"வண்டன்மேட்டுல. சம்பந்தி வீட்டுல ஒரு விசேஷம். நேத்து ராத்திரி கடைசி பஸ்ஸுலதான் இறங்குனேன். கண்டக்டரைக் கேளுங்க, எனக்கு ரெண்டு சீட்டுக்கு டிக்கெட் போட்டுச் சண்டை இழுத்தவன்."

"மாதிரிக்கு அள்ளுற ஏலக்காயைத் திருப்பித் தரணும்னு சட்டம் வந்தா உங்களுக்கு நட்டம்தானே?"

ராஜமணி சிரித்தார். வயிறு தனியாகச் சிரித்தது. "தட்டுல விழுறது எனக்கா வருது? அது ஏலம் கூறுறவுக பாத்தியதை. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். எனக்குக் கமிஷன் மட்டுந்தான். சட்டம் வரட்டும், வராம இருக்கட்டும், எனக்கு ஒண்ணுதான்."

"அச்சு மிஷினை யார் ஓட்டுறது?"

"கூறுறவுகளேதான். பட்டியல் போடுறதும் அவுகதான், எழுத்துக் கோக்குறதும் அவுகதான், சாவியும் அவுக இடுப்புலதான். எனக்கு அந்த ரூமுக்குள்ள நுழையவே முடியாது, வாசல் சின்னது."

சுவரில் ஆணியடித்துச் செவ்வாய்க்கிழமை ஏலப் பட்டியல் மாட்டியிருந்தது. சண்முகராஜ் கிட்டத்தில் போனார். மூட்டை வரிசை எண், தோட்டக்காரர் பெயர், எடை. நடுவில் ஒரு வரியில் பெயரும் இல்லை, எடையும் இல்லை. மூன்று நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன.

"இது என்ன?"

"வாபஸ் வாங்குன சரக்கு. அன்னிக்குக் காலையிலதான் கருத்தக்கண்ணன் கொண்டாந்து சேர்த்தான். அச்சுக் கோத்து முடிக்கிறதுக்குள்ள விலை பத்தாதுன்னு எடுத்துட்டுப் போயிட்டான். வரியை உருவுனா கீழ இருக்கிறது பூராவும் நகரும்ல? அதுக்காக அந்த இடத்துல நட்சத்திரத்தைச் சொருகிருவாக. எப்பச் சேர்த்ததா இருந்தாலும் சரி, எடுத்தா நட்சத்திரம். மண்டி வழக்கம் அது."

"இந்தப் பட்டியலை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கங்க. பின்னால வெறும் தாள்தான், எழுதவும் ஆகும்."

பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டு மண்டிக்குத் திரும்பியபோது மணி நான்கு, வெயில் சாய்ந்திருந்தது. மலையம்மாள் மண்டி வாசலில் நின்றிருந்தாள். கையில் துணிப்பை.

"என்னாச்சு ஐயா? அங்கன தந்தி எழுதி வச்சுட்டாக. செயலாளரே கொண்டுபோய்க் கொடுக்கப்போறாக."

"நீங்க அணைக்குப் போனப்ப மசோதாவைக் கையில கொண்டு போனீங்களா?"

"போனேன். கவர்மெண்டு முதல்ல போட்ட அச்சு. வாசிக்கத் தெரியாட்டியும் கையில இருந்தா தெம்பா இருந்துச்சு."

"இப்ப எங்க?"

"பைக்குள்ளதான். புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு, அடுப்புல போடுங்கன்னு செயலாளர் எல்லாருக்கும் சொன்னாக. எல்லாரும் போட்டுட்டாக. எனக்கு மனசு வரலை."

பையிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு கட்டு வெளியே வந்தது. சண்முகராஜ் அங்கேயே நின்று எட்டாம் பிரிவைத் திறந்தார். மூன்று உட்பிரிவுகள். திருத்திய அச்சில் இருந்த அதே மூன்று, எழுத்து மாறாமல். அதற்குப் பிறகு ஒன்பதாம் பிரிவு.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஒச்சாண்டி, மண்டிச் சைக்கிளை எடுத்துக்கிட்டு முன்னால போங்க. நான் வர்றவரைக்கும் தந்தி வாசலைத் தாண்டக் கூடாது."

"எவன்யா களவாண்டது?"

"நடந்துக்கிட்டே சொன்னா மூச்சு வாங்கும். அங்க வச்சுச் சொல்றேன்."

நாலரை மணி தாண்டிவிட்டது. சங்க அறை வாசலில் ஒச்சாண்டி சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வைகுண்டராஜ் கையில் தந்தித் தாளோடு நின்றார்.

"சார், இது ஜனங்க தீர்மானம். போலீஸ் தடுக்கலாமா?"

"தடுக்கலை. பத்து நிமிஷம் கேட்கிறேன். அதுக்கப்புறமும் அனுப்பணும்னா நானே என் ஜீப்புல கொண்டுபோய் விடுறேன்."

மேசை மேல் பழைய அச்சு, புதிய அச்சு இரண்டையும் எட்டாம் பிரிவில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கூட்டம் நெருங்கி வந்தது.

"கருத்தக்கண்ணன், உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல? இது முதல் அச்சு. எட்டாம் பிரிவுல எத்தனை உட்பிரிவு?"

கருத்தக்கண்ணன் விரலை வைத்து வாசித்தான். "மூணு."

"இது குழு திருத்தின அச்சு. இதுல?"

"இதுலயும் மூணுதான். அதே மூணு. அப்புறம் நட்சத்திரம்."

"முகப்புல என்ன போட்டிருக்கு? நட்சத்திரம் எங்க போடுவாக?"

"முதல் அச்சுல இருந்ததை எடுத்தா."

"முதல் அச்சுல மூணு. புது அச்சுலயும் அதே மூணு அப்படியே நிக்குது. அப்ப எடுத்தது எதை?"

கருத்தக்கண்ணன் பழைய தாளைப் பார்த்தான். புதிய தாளைப் பார்த்தான். மறுபடி பழையதைப் பார்த்தான். "எதையும் எடுக்கலையே…"

கூட்டம் இரண்டு தாள்களையும் எட்டிப் பார்த்தது.

"சட்டசபை ஒரு மசோதாவைத் திருத்தி மறுபடி அச்சடிக்கிறது எதுக்கு?" என்றார் சண்முகராஜ். "முதல்ல என்ன இருந்துச்சு, இப்ப என்ன மாறிடுச்சுன்னு வாசிக்கிறவன் ஒரே பார்வையில கண்டுக்கணும். அதுக்குத்தான் கோடும் நட்சத்திரமும். குழு நடுவுல ஆயிரம் பேசியிருக்கலாம். சேர்ப்போம்னு சொல்லிட்டு வேண்டாம்னு விட்டிருக்கலாம். அதெல்லாம் அச்சுல ஏறாது. முதல் அச்சுல இல்லாத ஒண்ணைக் குழு சேர்க்கலைன்னா, அங்க ஒண்ணுமே இருக்காது. எட்டு முடிஞ்சதும் ஒன்பது. நட்சத்திரம் வரவே வராது. அப்ப இந்த நட்சத்திரத்தைப் போட்டது குழு இல்ல. இந்தத் தாளே சென்னையில அடிச்சது இல்ல."

"அப்ப வேற யாரு?" என்றாள் மலையம்மாள்.

"நிஜத் தாளைப் பார்த்தவன். அதுல ஓரக் கோடு போட்டு, நாலாவதா ஒரு உட்பிரிவு இருந்திருக்கு. அதை எடுத்துட்டுத் தாளைப் புதுசா அடிச்சான். எடுத்ததும் அங்க ஒரு பள்ளம். தாள் முடியிற இடம் அடுத்த தாளோட சேரணுமே? அடுத்த தாள் நிஜ சர்க்கார் தாள், அதை நகர்த்த முடியாது. பள்ளத்தை எதை வச்சாவது மூடணும். அவனுக்குப் பழகின வழி ஒண்ணு இருந்துச்சு. வரியை உருவினா நட்சத்திரத்தைச் சொருகு. அது எப்பச் சேர்த்த வரியா இருந்தாலும் சரி."

அவர் ஏலப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார்.

"ஏ, இது என் மூட்டை!" என்றான் கருத்தக்கண்ணன். "காலையில வச்சேன், எடுத்துட்டேன்."

"ஜெபமணி, உங்களுக்கு எழுத்தைப் பார்த்தாத் தெரியும். இந்த நடு நட்சத்திரத்தையும் அந்த நடு நட்சத்திரத்தையும் பாருங்க."

ஜெபமணி குனிந்தார். மூக்கு தாளைத் தொட்டது. "ஒரே அச்சுத்தான் சார். அதே முனை மழுங்கியிருக்கு. ரெண்டும் ஒரே பெட்டியில இருந்து எடுத்தது."

"மண்டி மிஷின்!" யாரோ கத்தினார்கள். "ராஜமணிதான்!"

"ராஜமணி ஊர்லயே இல்ல. கண்டக்டரை விசாரிச்சாச்சு. தட்டுல விழுற மாதிரி ஏலக்காய் அவருக்குப் போறதும் இல்ல. அது யாருக்குப் போகுதுன்னு நீங்க யாராவது கேட்டதுண்டா?" சண்முகராஜ் திரும்பினார். "மண்டி அச்சுக்குச் சாவி யார் இடுப்புல இருக்கு? புதன்கிழமை வந்த கவரை வியாழக்கிழமை சாயங்காலம்வரை வச்சிருந்தது யாரு? பழைய அச்சையெல்லாம் அடுப்புல போடச் சொன்னது யாரு? செயலாளரே, நீங்களே சொல்லிடுறீங்களா?"

வைகுண்டராஜ் தந்தித் தாளை மேசையில் வைத்தார். ஏதோ ஒரு மூட்டைக்குக் கடைசி விலை கேட்டு நிற்கிறவர் மாதிரி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு நாள் தாங்கினாப் போதும்னு நெனச்சேன்" என்றார். "திங்கட்கிழமைக்கு அப்புறம் மசோதாவே இல்ல, எவன் பார்க்கப்போறான்னு."

"நிஜத் தாள் எங்க?"

"எரிச்சுட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு அண்ணாச்சி?" மலையம்மாள் கேட்டாள். குரலில் கோபத்தைவிட ஆவல்தான் இருந்தது.

வைகுண்டராஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஏலம் கூறும் அதே குரலில், தடுமாற்றம் இல்லாமல் சொன்னார். "மாதிரிக்காக எடுக்கப்படும் விளைபொருள், ஏலம் முடிந்த அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். ஏல மண்டியில் பணிபுரியும் எவரும் அதனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது."

மலையம்மாள் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"வாசிச்ச நேரத்துல இருந்து ஒரு எழுத்து மறக்கலை" என்றார் அவர். "ரெண்டாவது வரி என்னையத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கமிட்டியில எவனும் என் முகத்தைப் பார்த்ததுகூட இல்ல."

கருத்தக்கண்ணன் பாய்ந்தான். ஒச்சாண்டி சைக்கிளை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்றார். "கையை இறக்குப்பா. இவர் இப்ப எங்க சரக்கு."

"அண்ணாச்சி" என்றாள் மலையம்மாள், "என்னைய வாய்ப்பேச்சை நம்புனவன்னு சொன்னீகள்ல? எல்லாருக்கும் முன்னால, எம்மேல இரக்கப்பட்டு? அதுக்குப் பொய்க்காரின்னே சொல்லியிருக்கலாம்."

வைகுண்டராஜை ஒச்சாண்டி நடத்திக்கொண்டு போனபோது, அந்தத் தெருவில் முதல்முறையாக அவர் குரல் கேட்கவில்லை.

"மணி என்ன?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடினார்கள்.

சண்முகராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜீப்பில் எட்டுப் பேர் ஏறினார்கள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். ஜெபமணி ஓடும் ஜீப்பிலேயே முழங்கால்மேல் தாளை வைத்துப் புதுத் தந்தியை எழுதினார். எழுத்து மேடு பள்ளமாக வந்தது.

தந்தி ஆபீஸ் குமாஸ்தா ஜன்னல் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். கருத்தக்கண்ணன் கையை உள்ளே விட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கையை எடுய்யா, நசுங்கிடும்!"

"நசுங்கட்டும். வாங்கிக்கங்க."

குமாஸ்தா வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'திருத்திய மசோதாவை முழுமனதாக ஏற்கிறோம். எட்டாம் பிரிவில் எதையும் நீக்க அனுமதிக்காதீர்கள்.' சரி. வார்த்தை எண்ணிக்கிறேன்." பென்சில் நகர்ந்தது. பிறகு நிமிர்ந்தார். "அனுப்புநர் பேர் போடலையே? எப்பவும் செயலாளர் வைகுண்டராஜ்னுதானே வரும்?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்துக்குத் தலைவர் உண்டு, சென்ற மாதம் முதல் மதுரையில் மகன் வீட்டில். செயலாளர் உண்டு, இப்போது காவல் நிலையத்தில்.

"எம்.எல்.ஏ.வுக்குத் தெரிஞ்ச பேரா இருந்தா நல்லது" என்றார் சண்முகராஜ். "கூட்டத்துல அவர் எழுந்து பேசுனா, யார் பேசச் சொன்னதுன்னு கேள்வி வரும்."

காலையில் முதலில் பொய்க்காரி என்று சொன்னது கருத்தக்கண்ணன்தான். கை இன்னும் ஜன்னலில் மாட்டிக்கொண்டிருக்க, தலையை மட்டும் திருப்பிக் கூட்டத்தின் பின்வரிசையைத் தேடினான். மலையம்மாள் ஜீப்பை விட்டு இறங்கியவள் அங்கேயே நின்றிருந்தாள்.

"மலையம்மாள்னு போடுங்க" என்றான் குமாஸ்தாவிடம். "குரங்கணி மலையம்மாள். அணைக்குப் போய்ப் பேசுனவ."

குமாஸ்தா எழுதினார். ஜன்னலை மூடாமலே உள்ளே திரும்பி உட்கார்ந்து, கருவியில் விரலை வைத்தார். டக், டக் என்று சத்தம் கிளம்பியது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாமல், அது முடியும்வரை நின்று கேட்டார்கள்.